பஞ்சப்படி கேட்ட ஊர்

எங்கள் ஊரில் நடுத்தர வர்க்கம் என்று ஒன்று இருப்பதை வேட்பாளர்கள் கண்டுபிடித்து ரொம்ப நாள் ஆகவில்லை. நான் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் திருப்பூரில் இரண்டே வகை மனிதர்கள்: பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களும் அதற்கேற்ப இரண்டு விதமாகக் கும்பிட்டார்கள். முதலாளி வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒரு கும்பிடு, கம்பெனி கேட்டுக்கு வெளியே ஜீப்பில் நின்று ஒரு கும்பிடு. முதலாவது நன்கொடைக்கு, இரண்டாவது ஓட்டுக்கு. குழப்பமே இல்லாத காலம்.

அப்பா கட்டிங் மாஸ்டர். 1984-இல் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் வீட்டில் இருந்தார். கேட்டது பஞ்சப்படி. விலைவாசி ஏறினால் சம்பளமும் கூடவே கொஞ்சம் ஏற வேண்டும், அவ்வளவுதான். இன்று இதைப் பேசுவதற்கு டிவியில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். அன்று பேசியவர்களிடம் கோட்டு இல்லை, அதனால் போலீஸ் வந்தது. எங்கள் வீதி மளிகைக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி போட்டார். காலையில் அவர் பக்கா கம்யூனிஸ்ட், சாயங்காலம் நோட்டைக் கூட்டிப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் முதலாளித்துவம் எட்டிப் பார்க்கும்.

அந்த வருஷக் கடைசியில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே தேர்தல் வந்தது. டெல்லியில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அழுதுகொண்டே ஓட்டுப் போட வேண்டிய நேரத்தில் பஞ்சப்படியைப் பற்றிப் பேசினால் பேசியவனைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆனால் அந்த 127 நாளில் பாடம் படித்தவர்கள் முதலாளிகள். முந்நூறு பேரை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தால்தானே முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள்? கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், காஜா பட்டன் ஒரு சந்து, அயர்ன் இன்னொரு சந்து என்று வேலை ஊர் முழுக்கப் பிரிந்து போயிற்று. கெட்டிக்கார டெய்லரைக் கூப்பிட்டு, "எத்தனை நாளைக்குத்தாம்பா கூலிக்கே ஓட்டுவே? நாலு மிசின் போடு, பீஸ் நான் தர்றேன்" என்றார்கள். அப்பாவின் கூட்டாளி ஒருவர், ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடித்துப் போனவர், தன் லைன் வீட்டு முன்ரூமிலேயே நாலு பவர் மிசின் போட்டார். அடுத்த தீபாவளிக்கு அவரிடம் வேலை செய்த பையன்கள் போனஸ் கேட்டார்கள். "இந்த வருஷம் கட்டுப்படியாகாது கண்ணு" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. திருப்பூரின் நடுத்தர வர்க்கம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் பிறந்தது.

நடுத்தர வர்க்கத்தை நம்பி நடந்த நாடாளுமன்றத் தேர்தலை நான் முதன்முதலில் பார்த்தது 2004-இல். 'இந்தியா ஒளிர்கிறது' என்று விளம்பரம். அப்போது திருப்பூர் கோயம்புத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தது. 1998, 1999 இரண்டு தேர்தலிலும் பாரதிய ஜனதாவின் சி.பி. ராதாகிருஷ்ணன் ஜெயித்திருந்தார், திருப்பூர்க்காரர். ஒளி இருந்தது உண்மைதான். 2005 ஜனவரி 1-ஆம் தேதி ஏற்றுமதிக் கோட்டா முறை ஒழிகிறது, இனி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று ஊரே பேங்க் கடனில் மிசின் இறக்கிக்கொண்டிருந்தது. நொய்யல் ஆறு மட்டும் ஒளிரவில்லை. சாயக்கழிவில், அன்றைக்கு எந்தக் கலர் ஆர்டரோ அந்தக் கலரில் ஓடியது. இவ்வளவு ஒளிக்கும் நடுவில் தொகுதி ஓட்டுப் போட்டது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயனுக்கு. அன்று தோற்ற ராதாகிருஷ்ணன் இன்று குடியரசுத் துணைத் தலைவர், அன்று ஜெயித்தவர் இன்றும் எம்.பி. தோல்வியால் யாரும் கெட்டுப்போவதில்லை என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி, ஓட்டுப் போட்டவர்களைத் தவிர.

2009-இல் திருப்பூருக்கென்று தனி நாடாளுமன்றத் தொகுதி வந்தது. இனி பனியனுக்கென்று ஒரு எம்.பி. என்று வெடி போட்டோம். பிறகுதான் வரைபடத்தைப் பார்த்தோம். திருப்பூர் வடக்கு, தெற்கு இரண்டையும் விட்டால் மீதி நாலும் பெருந்துறை, கோபிசெட்டிபாளையம், பவானி, அந்தியூர். ஈரோடு மாவட்டம். பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பல்லடம் கோயம்புத்தூர் தொகுதிக்கும், அவிநாசி நீலகிரி தொகுதிக்கும் போய்விட்டன. அவிநாசியில் கம்பெனி வைத்திருப்பவர் நூல் விலையைப் பற்றி ஊட்டி எம்.பி.யிடம் முறையிட வேண்டும். திருப்பூர் வேட்பாளரோ காலையில் அந்தியூர் மலையடிவாரத்தில் விவசாயி, மத்தியானம் பவானியில் ஜமுக்காள நெசவாளி, ராத்திரி புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் பனியன்காரர்.

அந்த ராத்திரிதான் வேடிக்கை. எங்கள் ஊரில் சீசனில் எல்லோரும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே. பத்து மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. ஆக, இந்த நகரத்துத் தொழிலாளியிடம் பேச எந்தக் கட்சி வேட்பாளருக்கும் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம்தான். அதிலும் அவன் பஸ்ஸைப் பார்ப்பானா, இவரைப் பார்ப்பானா?

2024 மார்ச் கடைசியில் ஒரு கட்சிப் பையன் எங்கள் கம்பெனிக்கு வந்தான். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பின்னால் ஷெட் போட்ட வீடு, ஜாப் ஒர்க். நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். இதுபோல் இன்னும் சில இடங்களுக்கும் சாயங்காலத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். 2017 ஜூலை 1-ஆம் தேதியைத் திருப்பூரில் நன்றியோடு நினைப்பவர்கள் என்னைப் போன்ற கணக்கர்கள்தான். அதற்கு முன் நோட்டும் பென்சிலும் போதுமென்று இருந்த மனிதர்கள் அன்றிலிருந்துதான் என்னை "சார்" என்கிறார்கள்.

"எத்தனை மிசின் ஓட்டறீங்கண்ணா?" என்று கேட்டான் பையன்.

"பதினாறு தம்பி."

மனக்கணக்குப் போட்டான். மிசினுக்கு ஒரு டெய்லர், அதற்கு மேல் ஹெல்பர், செக்கிங், பேக்கிங். "அப்ப ஒரு முப்பது ஓட்டு இருக்குமுங்களா?"

மேஜையில் சம்பள நோட்டு இருந்தது. திருப்பிக் காட்டினேன். சிங்கர் டெய்லர்கள் பாதிப் பேர் பீகார். ஓவர்லாக்கில் ஒடிசா. பேக்கிங்கில் ஜார்க்கண்ட் பையன்கள். அயர்ன் போடுகிறவர் உசிலம்பட்டி, ஓட்டு அங்கே. தேனிக்காரத் தம்பதிக்குக் குழந்தைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன, ரேஷன் கார்டும் ஓட்டும் தேனியில். இந்த வார்டில் ஓட்டு உள்ளவர்கள் முதலாளி, நான், செக்கிங் டேபிள் அம்மா. அவ்வளவுதான்.

பையன் நோட்டை மூடினான். முகத்தில் ஒரு நொடி வருத்தம். பிறகு முதலாளி பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சொல்லுங்ணா, உங்களை மாதிரி நடுத்தரக் குடும்பத்துக்கெல்லாம் என்னென்ன கஷ்டம்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஜீப்பில் நின்று "தோழர்களே" என்று அழைத்த குரல் எங்கே போயிற்று என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். கொள்கை மாறிவிட்டது என்றார்கள் சிலர், காலம் மாறிவிட்டது என்றார்கள் சிலர். மாறியது வாக்காளர் பட்டியல். வேலை செய்கிறவனுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு உள்ளவன் கஷ்டம்தான் கஷ்டம்.

முதலாளி விடுவாரா? அவரும் டெய்லராக இருந்து மேலே வந்தவர், கேட்க ஆள் கிடைத்தால் போதும். நூலில் ஆரம்பித்தார். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி போட்டதையும், 2022 மே மாதம் நூல் விலைக்காக ஊரே இரண்டு நாள் கம்பெனிக் கதவை அடைத்ததையும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. 1984-இல் விலைவாசி தாங்கவில்லை என்று வேலையை நிறுத்தியவர் தொழிலாளி, 2022-இல் முதலாளி. அவர் 127 நாள் தாங்கினார், இவர் இரண்டு நாள். மூன்றாம் நாள் பேங்க்காரன் போன் பண்ணிவிடுவான்.

அடுத்து கரண்ட் பில். 2022 செப்டம்பரில் ஏறியது. இதற்கு மட்டும் பையன் தலையைச் சொறிந்தான். ஜிஎஸ்டி என்றால் டெல்லியைக் காட்டலாம், கரண்ட் என்றால் சென்னையைக் காட்ட வேண்டும். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் பாதிப் பட்டியலுக்குத்தான் அவர் கை நீளும். மீதிப் பாதிக்கு எதிர்க்கட்சிக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கடைசியாக 45 நாள் சட்டம். சிறு தொழில்காரனிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எங்களைக் காப்பாற்ற வந்த சட்டம். பில்லுக்கு நாலு மாதம், ஆறு மாதம் கழித்துப் பணம் தந்து பழகிய வாங்குகிறவர்கள் என்ன செய்தார்கள்? "சிறு தொழில்னு காட்டற உங்க உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்" என்றார்கள். நிதியாண்டு முடியுமுன் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டம் எங்கள் பக்கம், ஆர்டர் அவர்கள் பக்கம். பையன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு, "இதையே அப்படியே வாட்ஸப்ல அனுப்பிடுங்ணா, தலைவர் பார்த்துக்குவாரு" என்றான்.

அந்த மார்ச் மாதம் நாடு முழுவதும் நடுத்தரக் குடும்பத்தின் மேல் பாசம் பொங்கியது. 8-ஆம் தேதி மகளிர் தினத்துக்கு சிலிண்டர் 100 ரூபாய் குறைந்தது. 15-ஆம் தேதி பெட்ரோல் 2 ரூபாய் குறைந்தது. 16-ஆம் தேதி தேர்தல் தேதி அறிவித்தார்கள். அடுத்த வாரம் தி.மு.க. தேர்தல் அறிக்கை வந்தது: சிலிண்டர் 500 ரூபாய், பெட்ரோல் 75, டீசல் 65. என் அப்பா காலத்தில் வேட்பாளர் சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்றார். இப்போது செலவைக் குறைத்துத் தருகிறேன் என்கிறார். சம்பளத்தை ஏற்றுவது என்றால் யாரோ ஒருவர் கையைப் பிடித்து வாங்க வேண்டும். அந்த யாரோ ஒருவர்தான் இன்றைய வாக்காளர்.

வேட்பாளருக்கும் செலவு கூடித்தான் போயிற்று. நாடாளுமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் அன்று 500 ரூபாய், இன்று 25,000. செலவுக்கு உச்சவரம்பு 95 லட்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டு "நானும் உங்களைப் போல நடுத்தரக் குடும்பம்தான்" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது இல்லாதவர்களுக்குக் கட்சிகள் சீட்டுக் கொடுப்பதில்லை.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை ஓட்டு. வியாழக்கிழமை ராத்திரியே மதுரை, தேனி பஸ்களில் நிற்க இடமில்லை. வடக்கத்திப் பையன்கள் ரூமில் படுத்துத் தூங்கினார்கள். மறுநாள் சனிக்கிழமை சம்பளம். வழக்கம்போல நோட்டில் கையெழுத்து வாங்கினேன், ஓட்டுப் போட்ட மையுள்ள விரல்கள் எண்ணிக்கையில் கம்மி. ஜூன் 4-இல் கே. சுப்பராயன் 1,25,928 ஓட்டு வித்தியாசத்தில் மறுபடியும் எம்.பி. ஆனார். பஞ்சப்படி கேட்ட தலைமுறையின் தொழிற்சங்கத் தலைவரை, பஞ்சப்படி கொடுக்க முடியாத தலைமுறை தேர்ந்தெடுத்து அனுப்பியது.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தார்கள். எங்கள் முதலாளி ஸ்வீட் வாங்கி வந்தார். ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. வருமானத்துக்கு வரி இல்லை என்பது சரி, வருமானம் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஒரு வாரம் மிசின்கள் சும்மா கிடந்தன. சும்மா கிடந்த வாரத்துக்கு எந்தப் பையனுக்கும் சம்பளம் இல்லை. அதைக் கேட்டு அவர்கள் யார் கேட்டிலும் நிற்கவில்லை, அவர்களைத் தேடியும் யாரும் வரவில்லை.

சலுகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலிண்டரில் 100 ரூபாய் குறைந்தால் எனக்கும் நல்லதுதான். ஆனால் இந்த ஊரைத் தைத்து நிறுத்துகிறவன் பெயர் பட்டியலில் இல்லாதவரை, நடுத்தரக் கஷ்டம் என்று மேடையில் பேசப்படுவதெல்லாம் எங்கள் முதலாளியின் கஷ்டமும் என் கஷ்டமும் மட்டுமே. அதைத் தீர்க்கவும் அவர்களுக்கு அவசரமில்லை, ஏனென்றால் நாங்கள் மூன்றே ஓட்டு. கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷக் கணக்கில் உங்களிடம் வேலை செய்து, வாடகைக்கு வீடு எடுத்து, குழந்தைகளை இங்கேயே படிக்க வைக்கிறவர்களிடம் ஒரு சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது சொல்லுங்கள்: குடியிருக்கும் இடத்துக்கு ஓட்டை மாற்றிக்கொள்ள படிவம் 8 போதும். நிரப்பத் தெரியாவிட்டால் உங்கள் கணக்கரிடம் கொடுங்கள். ஜிஎஸ்டி படிவத்தை விட அது சுலபம்.