மண்டலக்காரர்

தியானத்தைத் தொடங்குவதில் நல்ல தேர்ச்சி பெற்றவர் மண்டலக்காரர். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விடாமல் உட்கார்ந்தால் பழக்கம் உடம்பில் ஊறிவிடும் என்று நம்புகிறவர். பதினோராம் நாளுக்கு மேல் அவர் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. மலேசியாவில், கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில், கோல லங்காட் மாவட்டத்துத் தெலுக் பங்லிமா காராங்கில், இந்த வகையினர் செழிப்பாகவே இருக்கிறார்கள். அங்கே தொழிற்பேட்டை உண்டு. தொழிற்சாலை இருந்தால் ஷிப்ட் இருக்கும். ஷிப்ட் இருந்தால் மன அமைதி தேவைப்படும்.

பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய விரிப்பு, ஊதுவத்தி, கொசுவத்தி, பத்து நிமிடத்துக்கு மணி அடிக்கும் கைப்பேசிச் செயலி ஆகியவை இவரது சாதனங்கள். இவற்றுள் ஒழுங்காகத் தீர்ந்துபோவது கொசுவத்தி. சுவாமி சிவானந்தர் 1913 முதல் பத்தாண்டு மலாயாவில் மருத்துவராக இருந்தவர் என்பதால் இந்த மண்ணிலேயே விஷயம் இருக்கிறது என்று சாதிப்பார். அந்தச் சிவானந்தர் கப்பலேறிப் போய், 1924இல் ரிஷிகேசத்தில்தான் துறவு பூண்டார் என்பதை யாராவது எடுத்துச் சொன்னால் ஊதுவத்தி கொளுத்தப் போய்விடுவார்.

எழுவது நாலரைக்கு. தமிழ்நாட்டில் அச்சான புத்தகத்தின்படி அது பிரம்ம முகூர்த்தம். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம், அதாவது 96 நிமிடம் முன்பு அது தொடங்கும். ஆறு மணிக்கு விடிகிற ஊருக்கு நாலரை பொருத்தந்தான். தீபகற்ப மலேசியாவிலோ, சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக வேண்டும் என்று 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். கிள்ளான் பக்கம் விடிய ஏழு, ஏழேகால் ஆகும். முகூர்த்தம் பிறக்கவே ஐந்தரை ஆகிவிடுகிறது.

ஆகவே நாலரைக்கு நடப்பது நள்ளிரவின் நீட்சி. முதுகு நிமிர்கிறது. மூச்சு உள்ளே, வெளியே. நாலு நாற்பதுக்கு இடது காது மடலில் ஒரு கொசு இறங்குகிறது. எதையும் விலக்காமல் கவனி என்கிறது புத்தகம், கவனிக்கிறார். அது காலை மாற்றி ஊன்றுவதுகூடத் தெரிகிறது. அறை விழுகிறது, கொசு தப்பிவிடுகிறது, காது சிவக்கிறது. அதன்பின் வருவது சமாதி என்பார் அவர். குறட்டை என்பது வீட்டார் கட்சி. பக்கத்துச் சுராவில், அதாவது சிறு தொழுகைக்கூடத்தில், சுபுஹ் பாங்கு ஒலிக்கும்போது முகூர்த்தம் அசலாகவே நடந்துகொண்டிருக்கும்; சுராவ் உள்ளூர்ச் சூரியனைப் பார்த்தல்லவா கணக்குப் போடுகிறது! அந்த நேரத்தில் மண்டலக்காரர் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். “என்னங்க, பஸ் வந்திருச்சு!” என்ற குரலோடு அன்றைய சாதனை நிறைவு பெறும்.

இரவு ஷிப்ட் வந்தால் ஒரு நாள் தவறும். அவரது சட்டப்படி, தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடனிருந்தோரும் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இவ்வளவு கடுமை காட்டவில்லை. பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை, நடுத்தரமாக 66 நாள் ஆனது. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. காலைச் சாப்பாடு போல அன்றாடம் தவறாத ஒன்றோடு புதுச் செயலை முடிந்துவைப்பதுதான் அதில் கையாண்ட வழி. மண்டலக்காரர் தியானத்தை முடிந்துவைத்திருப்பதோ கடிகாரத்தோடு. ஷிப்ட் மாறினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். உடனே நாட்காட்டியில் அடுத்த நல்ல நாள் தேடப்படும். தை முதல் நாளுக்கு மவுசு அதிகம்.

இடைப்பட்ட நாட்களில் செயலி சும்மா இருப்பதில்லை. பத்து நிமிட மணி, இட்லி வேகும் நேரத்துக்கு அளவெடுத்தாற்போல் இருக்கிறது. தட்டை அடுப்பில் ஏற்றியதும் செயலியை ஒரு தட்டுத் தட்டிவிடுகிறார் மனைவி. அந்த வழக்கம் மூன்று மண்டலம் தாண்டிவிட்டது.