மேப் அண்ணன்

எந்த ஆராய்ச்சித் துறைக்குப் போனாலும் கடைசி மேசையில் இவரைப் பார்க்கலாம். மடிக்கணினியில் ‘ஆர்’ மென்பொருள் திறந்திருக்கும், பக்கத்தில் டீ ஆறியிருக்கும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் மேப் அண்ணன்.

“அண்ணே, சென்னையில நூறு கிளினிக் போட்டேன். மேப்ல ஒண்ணைக்கூடக் காணோம்.”

அண்ணன் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “ஆர்க்டிக் கடல்ல ஸ்வால்பார்டு பக்கம் மிதக்கும், பாரு.”

மிதக்கும்தான். 80.27 தீர்க்கரேகை, 13.08 அட்சரேகை என்று வரிசையாகக் கொடுக்க வேண்டியதை கேட்டவள் மாற்றிக் கொடுத்திருப்பாள். கட்டத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் போட்டவருடைய கிளினிக்குகள் ஆப்பிரிக்காவை ஒட்டி கினி வளைகுடாவில் குளித்துக்கொண்டிருக்கும்.

ஜோசியர் நட்சத்திரம் கேட்பதுபோல அண்ணன் எடுத்த எடுப்பில் சிஆர்எஸ் (ஆயத்தொலைவு முறை) எண் கேட்பார். “4326-ஆ? அப்ப டிகிரி. மீட்டர்ல வேணும்னா மதுரைக்கு 32644. கோயம்புத்தூருக்கு அது பொருந்தாது, 32643.” கிளினிக்கைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட ஒருவர் வருவார். யாரோ சொன்னார்களென்று, பூமியை உருண்டையாக வைத்துக் கணக்கிடும் எஸ்2-வை அணைத்துவிட்டு 500 என்று தட்டியிருப்பார். “தம்பி, ஒரு டிகிரி 111 கிலோமீட்டர். நீ பூமியையே ஒரு சுத்து சுத்திட்டு மிச்சமும் வெச்சிருக்க!”

ஷேப்ஃபைலில் எஸ்ஹெச்பி-யை மட்டும் வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் வரும். “எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே எல்லாம் எங்க? மாப்பிள்ளை மட்டும் தனியா வந்தா முகூர்த்தம் நடக்குமா?” பேராசிரியரின் பழைய நிரலில் ஆர்ஜிடால் தொகுப்பைக் கண்டாலோ குரல் தழுதழுக்கும். “அது 2023 அக்டோபர்லயே போய்ச் சேந்துடுச்சு சார். ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸும் கூடவே.”

ஆனால் பத்துக்கு எட்டு கேஸ் இதெதுவும் இல்லை, பெயர்தான். ஒரு கோப்பில் தூத்துக்குடி, இன்னொன்றில் டூட்டிகோரின். ஒன்றில் நீலகிரிஸ், மற்றதில் தி நீலகிரிஸ். கரூர் இரண்டிலும் கரூர்தான். ஒன்றின் வாலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. இணைத்ததும் மூன்று மாவட்டமும் சாம்பல் பூத்துவிடும். அண்ணன் ஒரு வரி தட்டுவார். இடைவெளி போகும், கரூருக்கு நிறம் வரும்.

ஊர் மேப்பையெல்லாம் சரிசெய்யும் அண்ணனின் ஆய்வேடு மட்டும் முடிந்தபாடில்லை. அவருடைய தரவு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: 32 மாவட்டம். 2019-இல் ஐந்து பிறந்தன, 2020-இல் மயிலாடுதுறை. இப்போது மேப்பில் 38. புது மாவட்டம் வரப்போகிறது என்று வதந்தி கிளம்பினால் அந்த ஊரில் பட்டாசு வெடிக்கும். அண்ணனுக்கு வயிறு கலங்கும்.

ஆகவே, அவரிடம் ஓடும் முன் சிஆர்எஸ்ஸை ஒருமுறை பாருங்கள். மாவட்டப் பெயர்களையும் வால் வரை பாருங்கள். அவரும் பட்டம் வாங்க வேண்டாமா?