ஷா மாத் விசாரம்

சதுரங்க விளையாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்த முர்ரே என்னும் ஆங்கிலேயர், 1913-ஆம் ஆண்டில் சுமார் 900 பக்கங்களில் அதை முடித்துக் கொண்டார் என்பதை நினைக்கும்போது, அவ்விளையாட்டின் கடைசிச் சொல் ஒன்றைப் பற்றி மாத்திரம் சில பத்திகள் எழுத முற்படுவதை யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று கருதமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆங்கிலேயர் செக்மேட் என்பதும், ஜெர்மானியர் ஷாக்மாட் என்பதும், ருஷ்யர் ஷாக் இ மாட் என்பதும் பாரசீகரின் ஷா மாத் என்னும் தொடரின் சிதைவுகளே என்பதில் பண்டிதர்களுக்குள் பேதமில்லை. ஷா என்றால் அரசன் என்பதிலும் பேதமில்லை. ஆனால் மாத் என்ற இரண்டாம் பதத்தால் அந்த அரசனுக்கு நேர்ந்தது யாது என்று கேட்டுவிட்டாலோ, வீட்டுப் பெரியவர் காலமானாரா, மூர்ச்சைதான் போட்டிருக்கிறாரா என்று நிச்சயிக்க மாட்டாத சுற்றத்தாரைப் போல, அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

முதற்கட்சியை மரணவாதிகள் என்று குறிப்போம். அரபு மொழியில் மாத்த என்றால் 'இறந்தான்' என்று பொருள். ஆகவே அரசன் இறந்தான் என்பதே ஷா மாத் என்பது இவர்கள் வாதம். கேட்பதற்குக் கம்பீரமான இந்தப் பொருள் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்ததில் வியப்பில்லை. ஆயினும் இதற்கு இரண்டு ஆக்ஷேபங்கள் உண்டு. எழுவாயைப் பாரசீகத்திலும் பயனிலையை அரபியிலும் வைத்து ஒரு வாக்கியம் பிறந்தது என்று கொள்வது இலக்கணிகளின் மனசைச் சற்றே உறுத்தும். இரண்டாவது ஆக்ஷேபம் சாஸ்திரத்தைச் சேர்ந்ததன்று, கண்ணால் காண்பது: பலகையிலுள்ள மந்திரியும் யானையும் குதிரையும் காலாளும் வெட்டுண்டு ஓரத்தில் குவிக்கப்படுகையில், அரசன் ஒருவன் மட்டும் வெட்டப்படுவதில்லை என்பதும், அவனை வெட்டுவதற்கு ஒரு நகர்த்தல் மிச்சமிருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதும் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். பிரேதமில்லாமல் மரணத்தை ஸ்தாபிப்பது எந்த நியாயஸ்தலத்திலும் கடினம்.

இரண்டாம் கட்சியாரான சித்தாந்த பக்ஷத்தார் பாரசீகத்தை விட்டு வெளியே போவதில்லை. அங்கே மாந்தன் என்ற வினைக்கு 'எஞ்சி நிற்றல்' என்று பொருள்; அதனோடு உறவுடைய மாத் என்ற சொல், செய்வதறியாது திகைத்து நிற்பவனை இன்றைக்கும் அம்மொழியில் குறிக்கிறது. எனவே அரசன் சாகவில்லை, திகைத்தான். இது எனக்கும் சம்மதமே. ஆனால் இவர்களையும் ஒரு சங்கடம் விடுவதில்லை. முற்றுகைக்கு உட்படாமலே, போக ஒரு கட்டமும் இல்லாமல் நிற்கும் அரசனும் திகைத்தவன்தானே, அவனை ஏன் மாத் என்பதில்லை? சதுரங்கத்தின் பழைய பாரசீக, அரபு வடிவமான ஷத்ரஞ்சை ஆடியவர்கள் இந்த நிலையையும், திகைக்க வைத்தவனுக்கு வெற்றியாகவே எண்ணினர் என்பது சித்தாந்திகளுக்கு ஆறுதல். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ திகைத்து நின்றவனுக்கே வெற்றி என்று வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அப்படியே ஆடிவந்தார்கள் என்பது அவர்கள் மறக்க விரும்பும் செய்தி. இன்று அது சமம்; சமம் என்பதில் சித்தாந்தம் ஏது?

இனி, அச்சொல் போன இடமெல்லாம் அந்தந்த ஊர்க் காது அதற்குத் தன் சொந்தப் பொருளைக் கொடுத்துக்கொண்ட விந்தையைக் கவனிக்க வேண்டும். ஸ்பானியரின் காதில் மாத்தே என்பது கொல்லுதலைக் குறிக்கும் அவர்களுடைய வினையின் சாயலில் ஒலிக்கிறது. இத்தாலியருக்கு மாத்தோ என்றால் பைத்தியக்காரன். ஜெர்மானியரோ மாட் என்பதற்குச் சோர்ந்தவன், ஒளி மழுங்கியது என்று பொருள் கொண்டு, ஒரு சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியை வெறும் அயர்ச்சியாக்கிவிட்டார்கள். ஆக ஒரே அரசன் பைரனீஸ் மலைக்குத் தெற்கே கொலையுண்டு, ஆல்ப்ஸுக்குத் தெற்கே புத்தி பேதலித்து, அதற்கு வடக்கே களைத்துப் படுத்திருக்கிறான். நம்மவர்களில் சொல்லாராய்ச்சி மிக்க அன்பர் எவரேனும் இவ்விவகாரத்தில் இன்னும் தலையிடாதது ஆச்சரியம். தலையிட்டால், அரசன் மாட்டிக்கொண்டான் என்ற தமிழே மாத் ஆயிற்று என்று சித்தாந்திகளையும், இல்லை, மாண்டான் என்பதே மூலம் என்று மரணவாதிகளையும் ஒரே மூச்சில் திருப்தி செய்துவிடுவார். அரபிகள் செய்ததும் ஏறக்குறைய இந்தக் காரியந்தான். அவர்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் மதிப்பு அதிகமாயிருந்தது, அவ்வளவே.

திகைப்பும் மரணமும் இப்படி எதிரெதிராக நின்றேயாக வேண்டுமா என்றால், 1010-ஆம் ஆண்டளவில் ஷாநாமா என்னும் பாரசீகக் காவியத்தை முடித்த பிர்தௌஸி வேண்டாம் என்கிறார். ஹிந்து தேசத்து ராஜகுமாரர்களான கவ், தல்ஹந்த் என்ற ஒரு தாய்ச் சகோதரர் இருவர் பட்டத்துக்காகப் போரிட்டதையும், போர் முடிவில் தல்ஹந்த் நாற்புறமும் வளைக்கப்பட்டு யானைமேல் உயிரற்றுக் கிடந்ததையும், அவன் உடலில் ஒரு காயமும் இல்லாததையும் அவர் விவரிக்கிறார். நீயே உன் தம்பியைக் கொன்றாய் என்று தாய் பழி சுமத்த, கொல்லவில்லை, வழியற்று நின்றே இறந்தான் என்று நிரூபிப்பதற்காக, கவ் அறிஞர்களைக் கூட்டிச் செய்வித்த சாட்சியமே சதுரங்கப் பலகையாம். கதையாயினும், இரு கட்சியாரும் ஒப்பத்தக்க பிரேதப் பரிசோதனை இதைக் காட்டிலும் வேறு கிடைக்காது: காரணம் திகைப்பு, காரியம் மரணம்.

பாக்தாத்தின் கலீபா அமீனைப் பற்றிய கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 813-இல் சகோதரன் மஃமூனின் படை நகரை முற்றுகையிட்டிருக்க, இது ஆடும் வேளையா என்று ஓடிவந்து முறையிட்டவனைப் பார்த்து, கௌஸர் என்ற தன் அணுக்கத் தொண்டனை இன்னும் சில நகர்த்தலில் மாத் செய்யப் போவதாகவும் சற்றுப் பொறுக்கும்படியும் அமீன் சொன்னாராம். அதே ஆண்டில் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் விஷயத்தில் மரணவாதிகளுக்கு எதிர்வாதமே இல்லை.

தற்காலத்துப் பெரும் ஆட்டக்காரர்கள் மாத் வரும்வரை காத்திருப்பதில்லை. நாலைந்து நகர்த்தலுக்கு முன்பே நிலைமையை உணர்ந்து, கைகுலுக்கி எழுந்துவிடுகிறார்கள். சர்வதேச விதிகளும் அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. எனவே இவ்வளவு பாண்டித்தியம் செலவழிக்கப்பட்ட அந்தச் சொல்லை இன்று உரத்த குரலில் வழங்கிவருவோர் பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்டவர்களே. அவர்கள் செக்மேட் என்று கூவியபின்னும், பாதி வேளைகளில் எதிராளி சாவகாசமாகப் பலகையைப் பார்த்து அரசனை அடுத்த கட்டத்துக்கு நகர்த்திவிடுகிறான்.