பேராண்டி டெனர் வாங்கப் போறான்

வாடா பேராண்டி. பழைய டெனர் சாக்ஸபோன் ஒண்ணு பார்த்து வச்சிருக்கியாமே? ப்ரொஃபஷனல் மாடல், நல்ல கண்டிஷன்னு விக்கிறவரே சர்ட்டிபிகேட் குடுத்துட்டாராமே? அப்புறமென்ன, பணத்தைக் கட்டிடு. அவரும் பொண்ணைக் கட்டிக் குடுக்க வேண்டாமா!

ஒண்ணு கேட்டுக்கிறேன். கத்ரி கோபால்நாத் மாதிரி வாசிக்கணும்னுதானே அலையுறே? அவர் கையில இருந்தது ஆல்டோடா. டெனர் அதைவிடப் பெருசு, கீழ் ஸ்தாயியில உறுமும். தெரிஞ்சுதான் வாங்குறேன்னா சரி.

புதுசு மாதிரி பளபளங்குதுன்னு பல்லைக் காட்டுறியே, அங்கதான் எனக்கு இடிக்குது. முப்பது வருஷம் ஊதின பித்தளைக்கு ஏதுடா அந்த மினுக்கு? பழைய லாக்கர் பூச்சைச் சுரண்டி, மெருகேத்தி, மறுபடி அடிச்சிருப்பாங்க. இடிஞ்ச வீட்டுக்கு வெள்ளையடிச்ச கதை. பெல்லுங்கிற விரிஞ்ச வாய் மேல இருக்கிற செதுக்கு வேலையைத் தடவிப் பாரு. மழுங்கியிருந்தா தகடும் தேய்ஞ்சிருக்கும். கழுத்துக் குழாய் கீழ வளைஞ்சிருக்கா, வேற வாத்தியத்துலேருந்து கழட்டி மாட்டினதா, அதையும் பாரு.

"செல்மர் மார்க் சிக்ஸ், 1954-ல வந்த மாடல், ஜாஸ் மேதை கோல்ட்ரேன் வாசிச்ச ஜாதி"ன்னு அளப்பாங்க. பொய்யில்ல. ஆனா நீ ஊதினா உன் சத்தம்தானேடா கேக்கும்? விலை மட்டும் கோல்ட்ரேன் விலை!

இருட்டு அறையில குழாய்க்குள்ள சின்ன விளக்கை இறக்கு. ஒவ்வொரு சாவியா மூடு. சாவியில இருக்கிற தோல் பேடுக்கு அடியில வெளிச்சம் கசிஞ்சா உன் மூச்சும் கசியும். டெனருக்கு இருபதுக்கு மேல பேடு. தோல் காஞ்சு வெடிச்சிருந்தா மொத்தமா மாத்தணும். அந்தச் செலவைக் கழிச்சுக்கிட்டு விலை பேசு. சாவிக் கம்பியை ஆட்டிப் பாரு, கடகடன்னு ஆடினா தேய்மானம்.

பழகின மௌத்பீஸைக் கையோட கொண்டு போ. கடைசிக் கீழ் ஸ்வரம் பி ஃப்ளாட்டை மெல்ல ஊது. மூக்கு முட்ட ஊதினா ஓட்டைக் குழாயும் கத்தத்தான் செய்யும். பூ மாதிரி ஊதியும் பிசிறில்லாம வந்தா, அதுதான் நல்ல கண்டிஷன்.

முன்பணம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ரிப்பேர்க்காரர்கிட்ட காட்டிடு. அதுக்கு விக்கிறவர் முகத்தைச் சுளிச்சா, டீயைக் குடிச்சிட்டுக் கும்பிடு போட்டுக் கிளம்பி வா. பொண்ணு கல்யாணத்தை அவரே பார்த்துக்குவார்.