18 வயதுவரை பாஸ்போர்ட் இல்லை!

கே: இன்றைய கூடைப்பந்து வீரர்களில் உங்களுக்குப் பிடித்தவர்? ஒரே ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும்.

ப: யானிஸ் அன்டெட்டோகூன்போ. பெயரும் நீளம், ஆளும் நீளம்: 6 அடி 11 அங்குலம்!

கே: அவர் கிரேக்கரா, நைஜீரியரா?

ப: 1994 டிசம்பரில் ஏதென்ஸ் நகரில் பிறந்தவர். அப்பா சார்ல்ஸ், அம்மா வெரோனிகா இருவரும் லாகோஸிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். கிரேக்க மண்ணில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடைத்துவிடாது. நைஜீரிய ஆவணமும் அவரிடம் இல்லை. 18 வயதுவரை எந்த நாடும் அவரைத் தன் பிள்ளை என்று சொல்லவில்லை. 2013 மே மாதம் கிரேக்கக் குடியுரிமை வந்தது. ஜூன் மாதம் என்.பி.ஏ. டிராஃப்ட்டில் 15-வது ஆளாக மில்வாக்கி பக்ஸ் அவரை எடுத்தது. அமெரிக்க அணிகள் அவரைத் தேடி ஏதென்ஸ் வந்த பிறகே அரசாங்கத்தின் கண்ணில் பட்டிருக்கிறார். அப்போதும் கோல்டன் டான் என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் தலைவர் அவரை விலங்கோடு ஒப்பிட்டுப் பேசினார். அதே செபோலியா பகுதியில் பந்தாடத் தெரியாமல் வளர்ந்த மற்றப் பிள்ளைகளின் காகிதங்கள் என்னவாகின என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கே: அவருடைய ஏழ்மைக் கதை சினிமாவுக்காகச் சேர்த்ததா?

ப: இல்லை. அண்ணன் தனாசிசும் அவரும் தெருவில் வாட்ச், கூலிங்கிளாஸ், கைப்பை விற்றவர்கள். கிளப்பில் இருவருக்கும் ஒரே ஜோடி ஷூ. ஒருவர் வெளியே வந்து கழற்றிக் கொடுத்தால்தான் மற்றவர் ஆட இறங்க முடியும். மில்வாக்கி போன முதல் வருடம் கையிலிருந்த பணம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மைதானம் போக டாக்சிக்குக் காசில்லை. குளிரில் ஓடியே போகத் தொடங்கினார். வழியில் ஒரு தம்பதி அடையாளம் கண்டு காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

கே: சகோதரர்களும் ஆடுகிறார்களாமே?

ப: மூன்று பேரிடம் என்.பி.ஏ. சாம்பியன் மோதிரம் இருக்கிறது. 2020-இல் லேக்கர்ஸ் அணியில் தம்பி கோஸ்டாஸ். 2021-இல் பக்ஸ் அணியில் யானிசும் தனாசிசும்.

கே: ஃப்ரீ த்ரோ போடத் தெரியாதவரை எப்படிப் பெரிய வீரர் என்கிறீர்கள்?

ப: 2021 இறுதிச் சுற்றைப் பாருங்கள். அரையிறுதியில் இடது முழங்கால் பின்பக்கமாக வளைந்தது. அந்த சீசனே முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரே வாரத்தில் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு வந்துவிட்டார். பீனிக்ஸ் சன்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. ஃப்ரீ த்ரோ கோட்டில் அவர் நேரம் எடுத்துக்கொள்வதால், எதிரணி ரசிகர்கள் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக் கேலி செய்தார்கள். ஜூலை 20, ஆறாவது ஆட்டம். 19 ஃப்ரீ த்ரோவில் 17 உள்ளே! மொத்தம் 50 புள்ளி, 14 ரீபவுண்ட், 5 பிளாக். மில்வாக்கிக்கு 50 வருடம் கழித்துக் கோப்பை. மறுநாள் கோப்பையோடு ஒரு கடைக்குப் போய் 50 துண்டு சிக்கன் நக்கட் கேட்டார்: 49-ம் வேண்டாம், 51-ம் வேண்டாம்! மேதைகளுக்குக்கூட ஒரு பலவீனம் இருக்கும். அதையே ஆயுதமாக்கிய ஒரு ராத்திரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கே: அந்த வெற்றியைப் பெற்றோர் பார்த்தார்களா?

ப: அம்மா பார்த்தார். அப்பா 2017 செப்டம்பரில் மாரடைப்பில் இறந்துவிட்டார். 2019-இல் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய மேடையில் அப்பாவைப் பற்றிப் பேசும்போது யானிஸ் அழுதார். 2020-இல் பிறந்த மூத்த மகனுக்கு லியம் சார்ல்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்.

கே: மனைவி?

ப: மரியா. நீண்ட காலத் துணை, 2024-இல் திருமணம்.

கே: தோற்றதும் அவர் தத்துவம் பேசித் தப்பித்துக்கொள்கிறாரே?

ப: 2023-இல் மயாமியிடம் முதல் சுற்றிலேயே தோற்றபோது, இந்த சீசன் தோல்விதானே என்று ஒரு நிருபர் கேட்டார். உங்களுக்கு வருடாவருடம் பதவி உயர்வு கிடைக்கிறதா, கிடைக்காத வருடமெல்லாம் தோல்வியா என்று திருப்பிக் கேட்டார் யானிஸ். ஜோர்டான் 15 வருடம் ஆடி 6 கோப்பை வென்றார். மீதி 9 வருடம் வீணா என்றும் கேட்டார். இது தப்பித்தல் இல்லை. 2020 டிசம்பரில், வேறு பெரிய நகரத்துக்குப் போகும் வாய்ப்பை விட்டு, அதுவரை கோப்பை தராத அணியிலேயே ஐந்து வருட ஒப்பந்தம் போட்டவர் அவர். பேசும் தகுதி இருக்கிறது.

கே: தன்னை அலைக்கழித்த கிரேக்கத்துக்காக ஏன் ஆடுகிறார்?

ப: 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கிரேக்கக் கொடியை ஏந்தியவர்களில் அவர் ஒருவர். 2025 யூரோபாஸ்கெட்டில் வெண்கலமும் வாங்கிக் கொடுத்தார். கொடுத்தது அவர், கடன்பட்டிருப்பது கிரேக்கம்.

கே: என் மகனுக்கு 13 வயது. இனி கூடைப்பந்து தொடங்கினால் தாமதமா?

ப: இல்லை. யானிஸ் முதலில் கால்பந்துப் பிரியர். ஸ்பைரோஸ் வெல்லினியாட்டிஸ் என்ற பயிற்சியாளர் அவரைக் கண்டுகொண்டது ஏறத்தாழ அந்த வயதில்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து மைதானத்துக்கு அழைத்துப் போங்கள்.