சர்வரைப் படுக்கவைக்கச் சில எளிய வழிகள்

குயிலாப்பாளையத்தில் ஆரோவில் போகிற சாலையோரம், ஒரு கடைக்கு மேல்மாடியில் உங்கள் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுவட்டார விருந்தினர் விடுதிகளில் என்றைக்கு எந்த அறை காலி, என்ன வாடகை என்பதை முன்பதிவுத் தளங்களுக்கு எக்ஸ்எம்எல்லாக அனுப்பும் சர்வீஸ் உங்கள் பொறுப்பு. (ஓட்டல் தொழில் எக்ஸ்எம்எல்லை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாது, ஓபன் டிராவல் அலையன்ஸ் வகுத்த வடிவங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.) டிசம்பர் சீசன் வருகிறது. அதற்குள் சர்வர் படுத்தாக வேண்டும்.

முதலில் டேட்டாபேஸ். 40 விடுதி, தலா 10 அறை, 365 நாள்: மொத்தம் 1,46,000 வரிசை. ஒன்று விடாமல் ஒரே லிஸ்ட்டில் அள்ளிப் போடுங்கள். போஸ்ட்கிரஸின் ஜாவா டிரைவர் இதற்குத் தோதானது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மொத்தத்தையும் தானே நினைவகத்தில் கொண்டுவந்து கொட்டும். ஆட்டோகமிட்டை நிறுத்திவிட்டு ஃபெட்ச் சைஸை 500 என்று வைத்தால் ஐந்நூறு ஐந்நூறாகத்தான் தரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து டாம் மரம். டேக் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட், அட்ரிபியூட் ஓர் ஆப்ஜெக்ட், நடுவில் உள்ள எழுத்தும் ஓர் ஆப்ஜெக்ட். அப்பன் யார், அண்ணன் தம்பி யார் என்ற சுட்டிகள் வேறு. கடைசியில் வெளியே போகும் எக்ஸ்எம்எல்லைப் போலப் பல மடங்கு இடத்தை இந்த மரம் பிடிக்கும். மரம் வளர்ந்ததும் அதை ஸ்ட்ரிங் ஆக்குங்கள், ஸ்ட்ரிங்கை பைட் வரிசை ஆக்குங்கள். ஒரே பதில் மூன்று வேடத்தில் மெமரியில் உட்கார்ந்திருக்கும். ஆள் நிறையாமல் கிளம்பமாட்டேன் என்கிற ஷேர் ஆட்டோ மாதிரி, கடைசி வரிசை ஏறும்வரை முதல் வரிசையை நகரவிடாதீர்கள். ஒரு வரிசையை எழுதி, அனுப்பி, அப்படியே மறந்துவிடும் எக்ஸ்எம்எல் ஸ்ட்ரீம் ரைட்டர் ஜாவா 6 காலத்திலிருந்தே கூடவே வருகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழைக் கையாள்வதில்தான் உங்கள் திறமை தெரியும். ‘குயிலாப்பாளையம்’ என்ற பெயர் யுனிகோடில் 15 குறியீடுகள். யுடிஎஃப்-8-ல் எழுதினால் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 45. வெளியீட்டு என்கோடிங்கை ஆஸ்கி என்று மாற்றிப் பாருங்கள்: ‘க’ என்பது க ஆகிவிடும். குறியீட்டுக்கு 7 பைட், ஊர்ப்பெயர் 105 பைட்! ஒவ்வொரு வரிசையிலும் ஊர்ப்பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் இன்னும் விசேஷம். ஜாவா 9 முதல் ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள ஸ்ட்ரிங்குக்கு எழுத்துக்கு ஒரு பைட்தான். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தால் போதும், மொத்த ஸ்ட்ரிங்கும் இரண்டு பைட்டுக்கு மாறிவிடும். ஆகவே பதில் முழுவதையும் ஒரே ஸ்ட்ரிங்காக வைத்திருப்பது அவசியம். சின்னச் சின்னத் துண்டாக எழுதினால் இந்த வரப்பிரசாதம் கிடைக்காது.

கன்டென்ட் லெங்த்தைச் சரியாகச் சொல்லியே தீருவேன் என்று அடம்பிடியுங்கள். நீளம் தெரிய வேண்டுமென்றால் முழுதும் கையில் இருக்க வேண்டுமே! எச்டிடிபி 1.1-ல் நீளம் சொல்லாமலே துண்டு துண்டாக அனுப்ப வழி இருப்பதை யாரிடமும் சொல்லவேண்டாம். அறைப் படங்களுக்கு இணைப்பு கொடுக்காமல் பேஸ்64 ஆக்கி உள்ளேயே திணித்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை. முழுப் பதிலையும் லாகில் எழுதுவது உங்கள் இஷ்டம்.

யாராவது விவரம் தெரிந்த தம்பி, “ஸ்ட்ரீம் பண்ணலாமே அண்ணா” என்பான். அவனை மடக்க நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது: “200 ஓகே போனபிறகு பாதியில் டேட்டாபேஸ் அறுந்தால் என்ன செய்வாய்?” உண்மையிலேயே சங்கடமான இடம்தான் இது. கடைசி மூடும் டேக் இல்லாத எக்ஸ்எம்எல்லை எதிர்முனை பார்சரே தள்ளிவிடும், அவர்கள் மறுபடி கேட்டுக்கொள்வார்கள் என்று அவன் பதில் சொல்வதற்குள் மீட்டிங்கை முடித்துவிடுங்கள்.

சர்வர் விழுந்ததும் ஹீப் அளவை இரண்டு மடங்காக்குங்கள். அடுத்த முறை விழ இன்னும் சற்று நேரமாகும், அவ்வளவுதான். பிறகு பழியை எக்ஸ்எம்எல் தலையில் போட்டு, ஜேசனுக்கு மாற ஒரு திட்டம் எழுதுங்கள். வருமான வரித் துறையே 2021-ல் கணக்குத் தாக்கலை ஜேசனுக்கு மாற்றியது என்று உதாரணம் காட்டினால் மேலிடம் ஒப்புக்கொள்ளும். லிஸ்ட்டையும் ஒற்றை ஸ்ட்ரிங்கையும் மட்டும் பழைய கோடிலிருந்து பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.