சுடுதண்ணிக் கிணற்றுக்குச் சுடுதண்ணிப் போத்தல்: ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து சுடுதண்ணிக் கிணறு பார்க்கப் புறப்படும் வானில் வாளியும் துவாயும் மாற்றுச் சாறனும் சோத்துப் பார்சல்களும் காலடியில் கிடக்கும். மடியில் வைத்துக் காக்கப்படும் பேறு சுடுதண்ணிப் போத்தல் ஒன்றுக்கே உண்டு. கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை இது என்று நகைப்போர் உளர். அவர்கள் நிலவியல் படிக்கவில்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 பாகை வீதம் சூடேறி, மேலே வருகையில் அதில் ஒரு பகுதியைத் தொலைத்துவிட்டு வருகிறது. திருகோணமலைக் கன்னியாவின் 7 கிணறுகளும் 40 பாகை செல்சியசுக்கு அக்கம்பக்கம்தான் நிற்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாவிக்கரை வெயிலே அதற்குச் சில பாகைதான் குறைவு. (கச்சான் கடலை எல்லா மாதமும் வானில் இருக்கும், அது வேறு ஆய்வு.) குளிக்க இந்தச் சூடு போதும். தேயிலை சாயம் விட, கொதித்து இறக்கிய தண்ணி வேண்டும்.

செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போனால் வரும் மகா ஓயா ஊற்று 50 பாகையைத் தாண்டுமே என்பது முதல் ஆட்சேபம். தாண்டட்டும். முட்டையின் வெள்ளைக்கரு இறுகத் தொடங்கவே 60 பாகைக்கு மேல் வேண்டும். முட்டைக்கே முடியாதது தேத்தண்ணிக்கு எப்படி முடியும்? வெளிநாட்டுக் குளங்களுக்குப் போவோர் போத்தல் சுமப்பதில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். இதுவே எம் கொள்கைக்குச் சிறந்த சான்று. யப்பானின் ஓவகுடானியில் எரிமலைச் சுனையே முட்டையை அவித்து ஓட்டையும் கறுப்பாக்கிவிடுகிறது. ஒன்று தின்றால் ஆயுள் 7 ஆண்டு கூடுமாம். கன்னியாக் கிணறுகளின் எண்ணிக்கையோடு இது பொருந்துவது தற்செயல் என்றே கொள்வோம். ஐஸ்லாந்தின் லாய்கர்வாட்னில் மாவைச் சட்டியில் வைத்துச் சுடுமண்ணில் புதைத்தால் மறுநாள் பாண் வெந்திருக்கும். நிலமே குசினியாக இருக்கும் நாட்டில் போத்தல் எதற்கு? ஆகவே, எரிமலை குறையக் குறையப் போத்தலின் தேவை கூடும் என்பது பெறப்படும்.

கன்னியாக் கிணற்று நீரையே மொண்டு அடுப்பில் வைக்கலாமே என்பாரும் உண்டு. தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் வாளால் குத்திப் பிறப்பித்ததாக நம்பப்படும் நீர் அது. இன்றும் அந்தியேட்டிக்கு அங்கே வருகிறார்கள். பிதிர்க்கடன் செய்பவர் பக்கத்தில் கேத்தில் வைப்பது எந்த ஆய்வுக்கும் அடங்காத செயல். சீனியைப் போத்தலுக்குள்ளேயே கலப்பதா, தனியே பொட்டலம் கட்டுவதா என்ற ஒன்றில்தான் அறிஞர் இரண்டுபட்டு நிற்கின்றனர். எமது சாய்வு பொட்டலத்தின் பக்கம்: கலந்த போத்தலின் மூடியைத் தேடிவர எறும்புக்கு வழிகாட்டி தேவைப்படுவதில்லை.